அடியாள் முகத்துக்குள் ஒரு மார்ட்டி: எர்னஸ்ட் போர்க்னைன் பற்றிய கேள்விக்கு என் பதில்

எர்னஸ்ட் போர்க்னைன் முரடனாகவும் கொடுமைக்காரனாகவும் நடித்துவந்தவர். அப்படிப்பட்டவருக்கு ஒரு சாதுவான கசாப்புக் கடைக்காரர் வேடத்துக்காகச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது எப்படி, அந்த அச்சை அவர் எப்படி உடைத்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசி வரியில், உங்களுக்கு 31 வயது, இதுவரை 9 படங்களில் அடியாளாக வந்து அடி வாங்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள், அவற்றில் இரண்டில் மட்டுமே வசனம் இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இது ஓர் அமெரிக்க நடிகரின் வரலாற்றைத் தெரிந்துகொள்வதற்கான கேள்வி மட்டுமல்ல. "என் முகமும் உடம்பும் இப்படி இருக்கின்றன, நானும் வெளியே வர முடியுமா?" என்பதுதான் உங்கள் கேள்வி. இரண்டுக்குமே பதில் சொல்கிறேன். முதலாவதை விரிவாகச் சொன்னால்தான் இரண்டாவதற்கு வழி பிறக்கும்.

நான் எங்கே நின்றுகொண்டு பேசுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரையில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக மேடை நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறேன். என் மாணவர்களில் சிலர் திரைப்படங்களில் சிறு வேடங்கள் செய்கிறார்கள். போர்க்னைனின் படங்களில் முக்கியமானவற்றை நிறுத்தி நிறுத்திப் பலமுறை பார்த்திருக்கிறேன். பயிற்சி வகுப்பில் காட்டியும் இருக்கிறேன். அவருடைய பேட்டிகளையும் படித்திருக்கிறேன். ஆனால் ஹாலிவுட்டின் உள்ளே இருந்து அதை அறிந்தவன் அல்ல. நடிப்பைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். ஒப்பந்தம், பணம், படப்பிடிப்புத் தளத்துப் பேச்சு ஆகியவற்றைப் பற்றிச் சொல்வதைச் சற்று எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் அச்சை உடைக்கவில்லை. சுருக்கமான பதில் இதுதான். இது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த உண்மையும் இதுதான். ஆஸ்கர் வாங்கிய பிறகும் அவர் முரட்டு வேடங்களுக்குத் திரும்பினார், நடுவே மென்மையான வேடங்கள் செய்தார், மறுபடி முரடனானார். மொத்தத்தில் 60 ஆண்டுகளுக்கு மேல் நடித்தார். ஒரே உடம்பை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் போய்வந்தவர் என்பதே சரி. எப்படிப் போய்வந்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1917 ஜனவரி 24 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹாம்டன் என்ற ஊரில் பிறந்தார். இயற்பெயர் எர்மெஸ் எஃப்ரான் போர்க்னீனோ. தாய், தந்தை இருவரும் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள். அவருக்கு இரண்டு வயதானபோது பெற்றோர் பிரிந்தார்கள். தாய் அவரைக் கூட்டிக்கொண்டு இத்தாலிக்கே போய், நான்கு ஆண்டுகளுக்குமேல் அங்கே இருந்தார். 1923 வாக்கில் பெற்றோர் மறுபடி சேர்ந்தார்கள். குடும்பம் நியூ ஹேவன் நகரில் குடியேறியது. குடும்பப் பெயரும் போர்க்னைன் என்று மாறியது. பள்ளிப் படிப்பு முடிந்ததும், 1935-இல் கடற்படையில் சேர்ந்தார். 1941-இல் வெளியே வந்தார். அந்த ஆண்டின் கடைசியில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியது. 1942 தொடக்கத்தில் மறுபடி சேர்ந்து, போர் முடிந்த 1945 வரை அட்லாண்டிக் கரையோரம் நீர்மூழ்கிகளைத் தேடும் கப்பலில் பணியாற்றினார். மொத்தம் ஏறத்தாழ 10 ஆண்டுகள். வெளியே வரும்போது வயது 28. கையில் தொழில் இல்லை. சில நாள் தொழிற்சாலை வேலைக்குப் போய்ப் பார்த்து, அது தனக்கு ஒத்துவராது என்று வீட்டில் உட்கார்ந்திருந்தவரிடம், நீ ஏன் நடிகனாகக்கூடாது என்று கேட்டது அவருடைய அம்மா. இதை அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு பேர் முன்னால் கோமாளித்தனம் பண்ணுவது உனக்குப் பிடிக்குமே என்பது அந்த அம்மா சொன்ன காரணம்.

இந்த இடத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது வயதைத்தான். நடிப்புப் பள்ளியில் அவர் சேர்ந்தது 28 வயதுக்குப் பிறகு. அங்கிருந்து வர்ஜீனியா மாநிலத்தில் அபிங்டன் என்ற சிற்றூரில் இருந்த பார்ட்டர் தியேட்டர் என்ற நாடகக் குழுவுக்குப் போனார். 1930-களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், பணம் இல்லாதவர்கள் காய்கறியையோ முட்டையையோ கொடுத்துவிட்டு நாடகம் பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்து தொடங்கப்பட்ட குழு அது. பண்டமாற்று என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். போர்க்னைன் அங்கே லாரி ஓட்டினார், காட்சித் திரைகளுக்கு வர்ணம் பூசினார், கிடைத்த சின்ன வேடங்களைச் செய்தார். அந்தக் காலத்தில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது டென்னசி வில்லியம்ஸின் 'தி கிளாஸ் மெனாஜரி' நாடகத்தில் வீட்டுக்கு விருந்தாளியாக வரும் இளைஞன் வேடம். கூச்சமே உருவான ஒரு பெண்ணிடம் கனிவாகப் பேசி அவளைச் சிரிக்கவைத்து, தன்னை அறியாமலே அவள் மனத்தை உடைத்துவிட்டுப் போகும் இளைஞன். 1949-இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயில் முதன்முதலாக ஏறியது 'ஹார்வி' நாடகத்தில், மருத்துவமனை உதவியாளராக. ஆக, மேடையில் அவர் பழகியது மென்மையைத்தான். 1951 வாக்கில் கலிஃபோர்னியா போன பிறகு அந்தப் பருத்த உடம்பையும் இரட்டை நாடி முகத்தையும் இரண்டு முன்பற்களுக்கு நடுவே இருந்த இடைவெளியையும் பார்த்து அவரை முரடனாக்கியது திரைப்படம்தான். நீங்களும் யோசித்துப் பாருங்கள்: அடியாள் வேடம் உங்களுக்குள் இருந்து வந்ததா, உங்களைப் பார்த்தவர்கள் கண்ணிலிருந்து வந்ததா?

1953-இல் ஃபிரெட் ஜின்னமன் இயக்கிய 'ஃபிரம் ஹியர் டு எடர்னிட்டி' வந்தது. அதில் ராணுவச் சிறையைக் கவனிக்கும் சார்ஜண்ட், 'ஃபேட்ஸோ' ஜட்சன் என்ற வேடம் போர்க்னைனுக்கு. ஃபேட்ஸோ என்றால் தடியன். ஃபிராங்க் சினாட்ரா நடித்த மாஜியோ என்ற சிப்பாயைச் சாகும் அளவுக்கு அடித்துச் சிதைப்பவன். இந்த வேடத்தைப் பயிற்சி வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் காட்டுவேன். ஏனென்றால், முரட்டு வேடம் செய்கிறவர்கள் வழக்கமாகச் செய்யும் எதையும் அவர் இதில் செய்வதில்லை.

ஃபேட்ஸோவை முதலில் பார்க்கும்போது அவன் பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறான். சிப்பாய்கள் ஆடிப்பாடும் விடுதி அது. தடித்த விரல்களால் கட்டைகளைத் தட்டிக்கொண்டிருக்கிறான். தன் வாசிப்பை ரசித்தபடி இருக்கிறான். இந்த இரைச்சலை நிறுத்து, நாங்கள் ஆட வேண்டும் என்கிறான் மாஜியோ. அவ்வளவுதான், பகை பிறந்துவிடுகிறது. ஒரு கொடியவனை அறிமுகப்படுத்தும்போது அவன் ஒரு பூனையை உதைப்பதாகக் காட்டியிருக்கலாம். இங்கே தெரிவது வேறு: தனக்குப் பிடித்த ஒன்றை நாலு பேர் முன்னால் ஒருவன் மட்டம் தட்டிவிட்டான் என்ற காயம். போர்க்னைன் அந்தக் காயத்தை முகத்தில் ஒரு நொடி விடுகிறார். பிறகு முகம் மூடிக்கொள்கிறது. அந்த ஒரு நொடியிலிருந்துதான் பின்னால் வரும் அத்தனை கொடுமையும் வளர்கிறது.

இன்னொரு காட்சி. மாஜியோ தன் குடும்பப் படத்தை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறான். ஃபேட்ஸோ வந்து அதைப் பிடுங்கி, அவன் தங்கையின் படத்துக்கு முத்தம் கொடுக்கிறான். மாஜியோ முக்காலியைத் தூக்கி அடிக்கிறான். ஃபேட்ஸோ கத்தியை உருவுகிறான். இந்தச் சண்டைகளில் இத்தாலியர்களை இழிவாகச் சொல்லும் வார்த்தை ஒன்றால் அவன் மாஜியோவைத் திட்டுகிறான். அதைச் சொல்லும் நடிகரே இத்தாலியிலிருந்து வந்தவர்களின் பிள்ளை. சிறுவயதில் அந்த வார்த்தை எங்கே விழுந்தால் வலிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான். ஆனால் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் அலட்சியத்தைக் கேட்டால் நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். அழுத்திச் சொல்லவில்லை. தினமும் சொல்லிப் பழகியவன் போலச் சொல்கிறார்.

மிக முக்கியமானது இனிமேல்தான். சிறையில் ஃபேட்ஸோ மாஜியோவை அடிப்பதை அந்தப் படம் காட்டுவதே இல்லை. மாஜியோவை உள்ளே கொண்டுவருகிறார்கள். மேசைக்குப் பின்னாலிருந்து ஃபேட்ஸோ எழுந்திருக்கிறான். கையில் குண்டாந்தடி. வந்தவனை வரவேற்பதுபோல் ஒரு பேச்சு. காட்சி அத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால் படம் பார்த்த பலரும் அந்த அடியைப் பார்த்ததாகவே சொல்கிறார்கள். என் மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன். அடித்ததை விவரித்தே சொன்னவர்கள் உண்டு. இல்லாத காட்சியை அவர்கள் மனத்துக்குள் எடுத்துக் கொடுத்தது அந்த எழுந்திருத்தல்தான். அவசரம் இல்லை, கோபம் இல்லை. நாள்தோறும் செய்யும் வேலையைத் தொடங்குகிறவனின் நிதானம். தம்பி, உங்களுக்கு வசனம் இல்லை என்று வருத்தப்பட்டீர்களே, இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவருக்கு வந்தவை எல்லாம் இதே அச்சு. 1954-இல் 'ஜானி கிட்டார்', 'வேரா குரூஸ்'. பிறகு ஜான் ஸ்டர்ஜஸ் இயக்கிய 'பேட் டே அட் பிளாக் ராக்'. 1955 தொடக்கத்தில் வெளிவந்த இந்தப் படத்தில் அவர் செய்ததை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் இது அடி வாங்கும் வேடம். ஸ்பென்சர் டிரேசி ஒற்றைக் கையோடு ஒரு பாலைவன ஊருக்கு வந்து இறங்குகிறார். வயது ஐம்பதைத் தாண்டிய மனிதர். உணவு விடுதியில் போர்க்னைன் நடித்த கோலி டிரிம்பிள் அவரை வம்புக்கு இழுக்கிறான்; அவர் சாப்பிடும் கிண்ணத்தில் தக்காளிச் சாற்றைக் கொட்டிக் கவிழ்க்கிறான். டிரேசி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் ஒற்றைக் கையால் கராத்தே வெட்டுகளில் அவனைச் சாய்க்கிறார். வலைக்கதவை உடைத்துக்கொண்டு போய் விழுகிறான் கோலி.

வயதான ஒற்றைக் கையர் ஒருவர் எருமை போன்ற ஆளை வீழ்த்தினார் என்பதைப் பார்க்கிறவர்கள் நம்ப வேண்டும். நம்பவைப்பது யார்? டிரேசி அல்ல, போர்க்னைன். முதல் வெட்டு விழுந்ததும் அவர் முகத்தில் வலிக்கு முன்னால் வியப்பு வருகிறது. தன் வாழ்க்கையில் யாரும் திருப்பி அடித்ததில்லை என்பதுபோல் ஒரு திகைப்பு. எழுந்து மறுபடி வரும்போது உடம்பு முன்னே வருகிறது, கண்கள் ஒரு அடி பின்தங்கியிருக்கின்றன. கதாநாயகனின் உயரத்தை அளந்து காட்டும் கோல் அடியாள்தான். கோல் வளைந்திருந்தால் அளவு தப்பிவிடும். நம் ஊர்ப் படங்களில் அடி விழும் முன்பே பறக்கத் தயாராக நிற்கும் ஆட்களைப் பார்க்கிறோம். அது அவர்கள் தவறு அல்ல, அவர்களிடம் கேட்கப்படுவது அவ்வளவுதான். ஆனால் ஒத்திகைக்குக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில், இவன் எதை எதிர்பார்த்து வந்தான், அடி விழுந்ததும் எது அவனுக்குள் உடைகிறது என்று நீங்கள் முடிவு செய்துகொள்வதை யாரும் தடுக்க மாட்டார்கள்.

'மார்ட்டி' முதலில் தொலைக்காட்சி நாடகம். பேடி சயெஃப்ஸ்கி எழுதி, 1953 மே 24 அன்று நேரடியாக ஒளிபரப்பானது. மார்ட்டியாக நடித்தவர் ராட் ஸ்டைகர். அதையே திரைப்படமாக்கியபோது இயக்கியவரும் நாடகத்தை இயக்கிய டெல்பர்ட் மேன்தான். தயாரித்தது பர்ட் லங்காஸ்டரும் ஹரால்டு ஹெக்டும் நடத்திய நிறுவனம். இவையெல்லாம் உறுதியானவை. ஸ்டைகர் ஏன் படத்தில் இல்லை என்பதற்கு, நீண்டகால ஒப்பந்தத்தில் கட்டுப்பட அவர் விரும்பவில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். வரிக் கணக்கில் நட்டம் காட்டுவதற்காகவே இந்தப் படத்தைத் தொடங்கினார்கள், பாதியில் நிறுத்தவும் நினைத்தார்கள் என்பது போர்க்னைனே ரசித்துச் சொல்லும் கதை. இதை நான் உறுதியான செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. வெற்றி பெற்ற சின்னப் படங்கள் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு கதை முளைத்துவிடுகிறது. செலவு சுமார் மூன்றரை லட்சம் டாலர், அக்காலத்துக்கே சிறிய தொகை என்பது மட்டும் சரி.

அவரைத் தேர்ந்தெடுத்த விதம் பற்றியும் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். 'பிளாக் ராக்' படப்பிடிப்பு கலிஃபோர்னியாவின் லோன் பைன் என்ற இடத்தில் நடந்துகொண்டிருந்தபோது, இயக்குநரும் எழுத்தாளரும் அங்கேயே வந்தார்களாம். சவரம் செய்யாத முகம், முரடனுக்கான உடை, தலையில் தொப்பி. அந்தக் கோலத்திலேயே ஓர் அறையில் உட்கார்ந்து மார்ட்டியின் வரிகளைப் படித்தார். தாயின் வரிகளைச் சயெஃப்ஸ்கி படித்தார். "நான் குண்டான, அசிங்கமான மனிதன் அம்மா" என்று மார்ட்டி வெடிக்கும் இடம் வந்தபோது தன் கண்கள் நிறைந்துவிட்டன, எதிரே இருந்தவர்களுக்கும் அப்படியே என்கிறார். நினைவில் மெருகேறியிருக்கலாம். ஆனால் சாரம் உண்மை என்று நம்புகிறேன், ஏனென்றால் படத்தில் அந்த இடம் அப்படித்தான் இருக்கிறது. ஒரு படத்தில் அவர் பெயரே தடியன். இந்தப் படத்தில் அந்தத் தடித்த உடம்பைச் சொல்லித்தான் அழுகிறார். ஒரே உடம்பு, ஒரே சொல். முதலில் அது மற்றவர்கள் பயப்படும் சொல். இரண்டாவதில் அதைச் சுமப்பவனுக்கே வலிக்கும் சொல்.

மார்ட்டி நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இறைச்சிக் கடையில் வேலை செய்யும் 34 வயது இத்தாலிய இளைஞன். தம்பி தங்கைகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் உனக்கு எப்போது, வெட்கமாக இல்லையா என்று கேட்கிறார்கள். நம் தெருவில் கேட்பதுபோலவேதான். ஒரு சனிக்கிழமை மாலை, முன்பு எப்போதோ ஒரு திரையரங்கில் சந்தித்த பெண்ணுக்குத் தொலைபேசி செய்கிறான். அவளுடைய குரல் நமக்குக் கேட்பதில்லை. தன்னை நினைவிருக்கிறதா என்று கேட்கிறான். இந்த வாரம் வரமுடியுமா, அடுத்த வாரம் முடியுமா என்று கேட்கிறான். கேமரா மெல்ல, மிக மெல்ல அவன் முகத்தை நோக்கி நகர்கிறது. பதில்கள் வரவர அவன் கண்களை மூடிக்கொள்கிறான். வாய் மரியாதையாகப் பேசிக்கொண்டே இருக்கிறது, கண் மூடியிருக்கிறது. தொலைபேசியை வைக்கிறான். அவ்வளவே காட்சி. ஃபேட்ஸோவின் முகம் மூடிக்கொண்டதே, அதே முகம்தான் இதுவும். அங்கே காயம் வெளியே திரும்பியது, இங்கே உள்ளே திரும்புகிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த நாளில்தான், மென்மை வேடமும் முரட்டு வேடமும் இரண்டு வேறு திறமைகள் என்ற என் பழைய எண்ணம் போனது.

அதே இரவில் கிளாரா என்ற பள்ளி ஆசிரியையைச் சந்திக்கிறான். பெட்ஸி பிளேர் நடித்த வேடம். பேசிக்கொண்டே நடக்கிறார்கள். அவளை வீட்டில் விட்டுவிட்டுத் தெருவுக்கு வரும் மார்ட்டி, பஸ் நிறுத்தத்தில் நிற்கிறான். மகிழ்ச்சியை என்ன செய்வது என்று தெரியவில்லை. கையை ஓங்கி, பஸ் நிறுத்தப் பலகையில் ஒரு குத்து விடுகிறான். பிறகு நடுத்தெருவில் ஓடி ஒரு டாக்ஸியைக் கூப்பிடுகிறான். அந்தக் குத்து, மற்றப் படங்களில் ஆட்களின் தாடையில் விழுந்த அதே குத்து. தோளும் அதே, வீச்சும் அதே. உடம்பை மாற்றிக்கொள்ளவே இல்லை. உடம்பு எதற்காக அசைகிறது என்பதை மாற்றிவிட்டார்.

1955-இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான பாம் டோர் 'மார்ட்டி'க்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு மார்ச் 21 அன்று நடந்த ஆஸ்கர் விழாவில் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை, நடிகர் என்று நான்கு விருதுகள். சிறந்த நடிகருக்கான பட்டியலில் அவரோடு இருந்தவர்கள் ஜேம்ஸ் காக்னி, ஜேம்ஸ் டீன், ஃபிராங்க் சினாட்ரா, ஸ்பென்சர் டிரேசி. டிரேசி பரிந்துரைக்கப்பட்டிருந்தது 'பிளாக் ராக்' படத்துக்காகவே. திரையில் தான் அடித்துக் கொன்றவரையும் தன்னை அடித்து வீழ்த்தியவரையும் ஒரே இரவில் தாண்டிப் போய்க் கிரேஸ் கெல்லியின் கையிலிருந்து விருதை வாங்கினார். அப்போது வயது 39.

உங்கள் கேள்விப்படி கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அதே 1956-இலேயே மகள் கல்யாணத்துக்கும் சொந்த டாக்ஸிக் கனவுக்கும் நடுவே தவிக்கும் தகப்பனாக 'தி கேட்டர்ட் அஃபேர்' படத்தில் நன்றாகவே செய்தார். ஆனால் 1958-இல் 'தி வைகிங்ஸ்' படத்தில் கொள்ளைக் கூட்டத் தலைவன். அதில் அவருக்கு மகனாக நடித்த கர்க் டக்ளஸ் அவரைவிட ஆறு ஏழு வாரம் மூத்தவர். தாடியும் உடம்பும் போதும், தந்தையாகிவிட்டார். 1962 முதல் 1966 வரை 'மெக்ஹேல்ஸ் நேவி' என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் கடற்படை அதிகாரி, 138 பகுதிகள். பத்து ஆண்டுக் கடற்படை வாழ்க்கை அங்கே உதவியிருக்க வேண்டும். 1965-இல் 'தி ஃபிளைட் ஆஃப் தி ஃபீனிக்ஸ்' படத்தில் பாலைவனத்தில் விழுந்த விமானத்தில் இருந்து, மனம் பேதலித்து மணலுக்குள் நடந்துபோய்ச் சாகும் மனிதன். இந்த வேடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. தேடிப் பாருங்கள்.

1969-இல் சாம் பெக்கின்பா இயக்கிய 'தி வைல்ட் பஞ்ச்'. வயதாகிப்போன கொள்ளையர்களின் கதை. தலைவனாக வில்லியம் ஹோல்டன், அவருடைய நம்பிக்கைக்குரிய துணைவன் டச்சாக போர்க்னைன். கடைசியில், பிடிபட்ட தோழனை மீட்க நான்கே பேர் ஒரு படையின் நடுவே நடந்துபோகப் போகிறார்கள். அதற்குமுன் டச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து கத்தியால் ஒரு குச்சியைச் சீவிக்கொண்டிருக்கிறான். மற்றவர்கள் வெளியே வருகிறார்கள். நிமிர்ந்து பார்க்கிறான். போய்ச் சாகப்போகிறோம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மெல்லச் சிரிக்கிறான், குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்திருக்கிறான். வசனம் கிடையாது. ஃபேட்ஸோவும் மார்ட்டியும் சேர்ந்து எழுந்திருப்பது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றும்.

நான்கு ஆண்டு கழித்து ராபர்ட் ஆல்ட்ரிச் இயக்கிய 'எம்பரர் ஆஃப் தி நார்த்' படத்தில் ஷாக் என்ற ரயில் நடத்துநர். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் டிக்கெட் இல்லாமல் சரக்கு ரயிலில் ஏறும் ஏழைகளைச் சுத்தியலால் அடித்துத் தள்ளுகிறவன். அவர் நடித்த கொடியவர்களிலேயே மிகக் கொடியவன் இவன்தான். ஆஸ்கர் வாங்கி 17 ஆண்டுகளுக்குப் பிறகு, 56 வயதில், முழுமனத்தோடு இந்த வேடத்தைச் செய்தார். அச்சுக்குத் திரும்புவதை அவமானமாக நினைத்திருந்தால் இப்படிச் செய்திருக்க முடியாது.

அதற்குப் பிந்திய காலத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். 1980-களில் 'ஏர்வுல்ஃப்' ஹெலிகாப்டர் தொடர். 1999 முதல் 'ஸ்பாஞ்ச்பாப்' கார்ட்டூனில் வயதான கடல் சூப்பர் ஹீரோவுக்குக் குரல். 92 வயதில் 'ஈ.ஆர்.' மருத்துவமனைத் தொடரில் சாகக் கிடக்கும் மனைவியின் அருகே இருக்கும் கணவர், அதற்காக எம்மி என்ற தொலைக்காட்சி விருதுக்குப் பரிந்துரை. மில்வாக்கி நகரில் நடந்த சர்க்கஸ் ஊர்வலத்தில் 1972-இல் தொடங்கி 30 ஆண்டுக் காலம் கோமாளி வேடத்தில் தெருவில் நடந்தார். அம்மா சொன்னது அப்படியும் பலித்தது. சொந்த வாழ்க்கை சீராக இருந்தது என்று சொல்ல முடியாது: ஐந்து திருமணங்கள், அவற்றில் பாடகி ஈத்தல் மெர்மனுடனான ஒன்று சில வாரங்களில் முறிந்தது, 1973-இல் நடந்த கடைசித் திருமணம் அவர் இறக்கும்வரை நிலைத்தது. 2012 ஜூலை 8 அன்று லாஸ் ஏஞ்சலஸில், 95 வயதில் இறந்தார்.

இனி உங்கள் கேள்வி. போர்க்னைனுக்கு அமைந்த காலம் உங்களுக்கு அமையும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அமெரிக்கத் தொலைக்காட்சி அப்போது சாதாரண மனிதர்களைப் பற்றிய நாடகங்களை வாரந்தோறும் ஒளிபரப்பியது. அதிலிருந்துதான் மார்ட்டி வந்தான். அப்படி ஒரு வேடத்தை யாராவது எழுத வேண்டும். அது நடிகர் கையில் இல்லை. எழுதப்படும் நாளில் அதைச் செய்யும் நிலையில் இருப்பது மட்டும் நடிகர் கையில் இருக்கிறது. லோன் பைனில் அந்த இரண்டு பேர் வந்து நின்றபோது போர்க்னைனுக்குப் பல ஆண்டு மேடைப் பழக்கமும், 'கிளாஸ் மெனாஜரி'யில் பயின்ற கனிவும் பின்னால் இருந்தன.

முன்பெல்லாம் பருத்த உடம்புள்ள மாணவர்களுக்கு நான் ஒரு தவறான பயிற்சி கொடுத்துவந்தேன். மெதுவாகப் பேசு, தோளைக் குறுக்கு, சாதுவாகத் தெரி என்று சொல்வேன். பார்க்கிறவர்களுக்கு அது ஓர் அடியாள் பயந்து நடுங்குவதுபோல் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் காய்கறி மண்டியில் மூட்டை தூக்கும் ஓர் இளைஞர் வகுப்புக்கு வந்தார். அவரிடம் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. மனைவிக்கு உள்ளே அறுவை சிகிச்சை நடக்கிறது, அவளுக்குக் கொண்டுவந்த தூக்குவாளியோடு வெளியே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னேன். வாளியைப் பெஞ்சில் வைத்தார். யாரோ உட்கார வருவதுபோல் பார்த்து எடுத்துவிட்டார். தரையில் வைக்கக் குனிந்தார், சாப்பாட்டுப் பாத்திரம் ஆயிற்றே என்று வைக்காமல் நிமிர்ந்தார். கடைசியில் மடியில் வைத்து, இரண்டு பெரிய கைகளாலும் அதன் மூடியைப் பொத்திக்கொண்டார். மூட்டை தூக்கும் கைகள் அவை. அறையில் ஒருவரும் அசையவில்லை.

அடுத்த முறை அடியாளாகக் கூப்பிட்டால் போங்கள். அது உங்கள் சோறு, உங்கள் பள்ளிக்கூடமும்கூட. கூடவே உங்கள் ஊர்ப் பக்கம் எங்கே நாடகக் குழு இருக்கிறதோ, அங்கே வாரம் ஒரு நாள் போய், யாரையும் அடிக்காத ஒரு வேடம் கேட்டு வாங்குங்கள். அதற்குமுன், ஒரு இரவு நேரம் ஒதுக்கி, ஃபேட்ஸோவின் பியானோக் காட்சியையும் மார்ட்டியின் தொலைபேசிக் காட்சியையும் ஒலியை நிறுத்திவிட்டு அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டிலும் முகம் எந்த நொடியில் மூடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள், தம்பி. அதிலிருந்து மேலே பேசுவோம்.